ரெட்டக் கொழலு

போன வருசம் ஒரு பயிற்சி முகாமுக்காக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். வாடகையை முகாம் நடத்தியவர்கள் கட்டியிருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த வாசற்படியை மிதித்திருக்க மாட்டேன். வரவேற்பறைச் சுவரில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி மாட்டியிருந்தது. அதற்கு மேலே மான்கொம்பு. கொம்பு பிளாஸ்டிக், துப்பாக்கி நிஜம். இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடுகிற பட்டையில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்து: பி. ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ். கிட்டே போய்ப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் ஓடி வந்தான். "சார், ஆன்ட்டிக் சார், தொடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க நைனா இருபது வருசம் கேட்ட வார்த்தை அது. அவரிடம் சொன்னவர்கள் 'சார்' போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பி. ஆர் அண்டு சன்ஸ் என்றால் நமக்கு மவுண்ட் ரோடு கடிகாரக் கடை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய அந்தக் கம்பெனி, கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்றதோடு துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் துப்பாக்கியும் விற்றது. அந்தக் காலத்தில் இங்கே கடைகளில் விற்ற நல்ல வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு, அதிலும் பர்மிங்காம் சரக்கு. இந்தியக் கடையின் பெயரை மேலே பொறித்துக் கொள்வார்கள். பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மந்திரம் மாதிரி. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், ஹாலந்து அண்டு ஹாலந்து. துப்பாக்கியின் மேலே காது மாதிரி நிற்கும் குதிரை வெளியே தெரிந்தால் பழைய மாதிரி. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனி ஆட்கள் ஆன்சன், டீலி என்ற இருவர் அந்தக் குதிரையை உள்ளே ஒளித்து ஒரு அமைப்பைச் செய்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் பார்த்துச் செய்கிறார்கள். இந்தியாவில் 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்ட பிறகு இந்தப் பழசுகளுக்கு விலை ஏறிப்போய்விட்டது.

இதெல்லாம் புத்தகமாக வந்திருக்கிறது. யார் செய்தது, எந்த ராஜா வாங்கினார், குழலின் நீளம் என்ன, கட்டை எந்த நாட்டு வாதுமை மரம், எல்லாம் இருக்கிறது. சுட்டு விழுந்த பறவையைக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தவன் பெயர் இல்லை. அந்தப் பெயருக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதையும் முழுசாக எழுத முடியவில்லை. எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர்ப்பேர் வேண்டாம். ஆண்டை வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நாங்களும் அங்கேதான் இருக்கிறோம்.

நைனா பண்ணையாள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கார்த்திகை பிறந்தால் அவருக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். கிளுவையும் சிறகியும் இறங்கிவிட்டன என்று ஆள் வரும். இருட்டோடு போய் ஏரியின் அந்தக் கரைக்குச் சுற்றிக்கொண்டு, கோரைக்குள் இறங்கி, தப்புத் தண்ணீரில் அடித்துப் பறவையைக் கிளப்ப வேண்டும். இந்தக் கரையில் ஆண்டை, அவருடைய சம்பந்தி, சில நாளில் செங்கல்பட்டிலிருந்து வரும் ஆபீசர்கள். வெடி கேட்டதும் நைனாவும் இன்னும் நாலு பேரும் நீந்திப் போய்ப் பொறுக்க வேண்டும். அடிபட்ட வாத்து சும்மா மிதக்காது. முங்கிப்போய் அடியில் இருக்கும் பாசியை அலகால் கவ்விக்கொண்டு அங்கேயே செத்துப்போகும். அதைக் காலால் தடவித் தேட வேண்டும். மேலே வரும்போது தொடையில் அட்டை தொங்கும். அறுப்பு முடிந்த கழனியில் உள்ளான் வேட்டை என்றால் இன்னும் கேவலம். வரிசையாகச் சேற்றில் நடந்து கிளப்ப வேண்டும், பின்னால் வரப்பு மேல் துப்பாக்கி வரும். துரைமார் காலத்திலிருந்தே உள்ளான் சுடுவது இந்தப் பக்கத்தில் பெரிய பொழுதுபோக்கு. அவர்களுக்கும் நம்ம ஆட்கள்தான் நாய்.

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நைனா சொன்னது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை என்ன பருமனோ, அதுதான் பன்னிரண்டாம் போர் குழலின் வாய் என்பதைப் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இரண்டு குழலும் ஒன்றல்ல என்பதைச் சொன்னவர் அவர். "வல்து கொழலு ரவையப் பரப்பி அடிக்கும்டா, கிட்ட இருக்கறதுக்கு. எடது கொழலு வாய் இறுக்கம், தூரம் போறத்த அடிக்கறதுக்கு. மொத வெடி கேட்டா தலய தூக்கக்கூடாது. ரெண்டாவதும் கேட்டப்பறம்தான் தூக்கணும்." உள்ளானுக்கு எட்டாம் நம்பர் ரவை, வாத்துக்கு நாலோ ஆறோ. காலித் தோட்டாவின் பித்தளை அடியில் ஈலி கைனாக் என்று இருக்கும். அதை நாங்கள் பொறுக்கி வந்து ஊதல் செய்வோம். மருந்து வாசம் ரெண்டு நாள் போகாது.

இவ்வளவு தெரிந்தவர் அந்தத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதைச் சுமக்க ஊரிலிருந்து ஒருவர் வருவார். நைனா சுமந்தது பறவை மூட்டை. ஒரே ஒரு முறை, வரப்பில் சறுக்கிய ஆண்டையின் கையிலிருந்து துப்பாக்கி சேற்றில் விழுந்தது. பக்கத்தில் நின்ற நைனா, குழல் வாயில் சேறு போகாமல் தூக்கிப் பிடித்தார். சேறு அடைத்த குழலில் வெடித்தால் குழலே கிழியும் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கன்னத்தில் ஒரு அறை. துப்பாக்கிக்குச் சாணி தெளிக்க முடியாதே, எண்ணெய் போட்டு மூன்று தரம் துடைத்தார்களாம். அவர் தொட்டு எடுத்து வந்த வாத்தை மட்டும் தீட்டில்லாமல் தின்றார்கள். கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவர்கள் தின்னாத நீர்க்காகமும் நாமக்கோழியும் எங்களுக்கு. அம்மா ஆக்கிப் போடுவாங்க. சோத்துல கல்லு கெடக்கிற மாதிரி ரவை கடிபடும்.

1967 மார்கழியில் ஒரு உள்ளான் தாழப் பறந்தது. ஆண்டையும் தாழச் சுட்டார். அறுபது எழுபது தப்படி தள்ளி, சேற்றில் குனிந்திருந்த நைனாவின் முதுகிலும் தோளிலும் ரவை இறங்கியது. அந்தத் தூரத்தில் எட்டாம் நம்பர் ரவை ஆளைக் கொல்லாது, தோலில் தைக்கும். அம்மா கருவேல முள்ளால் ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டினதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயசு. ஆண்டை வீட்டிலிருந்து ரெண்டு மரக்கா நெல் வந்தது. கேசு, போலீஸ் என்ற பேச்சே எழவில்லை. அடுத்த வாரம் நைனா மறுபடி ஏரிக்குப் போனார்.

1993இல் விடாத இருமலுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலுக்கு மேலே, தோள்பட்டைப் பக்கம், கடுகு மாதிரி ரெண்டு வெள்ளைப் புள்ளி. டாக்டர் திடுக்கிட்டுப் போய், "இது ரவை ஆச்சே? நீங்க வேட்டைக்குப் போவீங்களா?" என்றார். நைனா சொன்னார்: "நான் போவலீங்க. என்ன இட்டுகினு போனாங்க."

அந்த எக்ஸ்ரே இப்போது என்னிடம் இருக்கிறது. அவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமப் புத்தகம் இருக்கிறது, வேட்டை முடிந்து எடுத்த போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோவில் எங்க ஆட்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்பார்கள். எங்களிடம் இருக்கும் ஆவணம் இது ஒன்றுதான்.

உரிமத்தின் கதைக்கு வருகிறேன். 1878இல் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்தப் பாரபட்சத்தை எதிர்த்து காங்கிரஸ் தன் ஆரம்ப கால மாநாடுகளிலேயே தீர்மானம் போட்டது. நியாயமான தீர்மானம்தான். ஆனால் வெள்ளைக்காரனுக்கு இணையாகத் துப்பாக்கி கேட்ட கனவான்கள், தங்கள் சேரிக்காரனுக்கும் சேர்த்துக் கேட்டார்கள் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கும்பினிக் காலத்து மதராஸ் பட்டாளத்தில் பறையர்கள் நிறைய இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையில் அவர்கள் பங்கு பெரியது. அந்தப் படை பர்மாவரைக்கும் சீனாவரைக்கும் போய்ச் சண்டை போட்டது. பட்டாளத்தில் சர்க்கார் துப்பாக்கியைப் பிடித்த கை, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் தீட்டுக் கையாகிவிடும். துப்பாக்கி பிடிக்கத் தெரியாததால் நம்மிடம் துப்பாக்கி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. அதன் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேட்டைத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு, விளையாட்டு என்று காரணம் காட்டலாம். முன்வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பைக் காரணம் காட்டலாம். எழுத்தில் சாதி எங்கும் இல்லை. ஆனால் பயிர் யாருடையது? விளையாட நேரம் யாருக்கு இருந்தது? பாதுகாக்க வேண்டிய சொத்து என்று எங்க நைனா எதைக் காட்டியிருப்பார், கூரையில் சொருகிய அரிவாளையா? நிலம் இருந்தவனிடம் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது. சட்டம் அதற்கு வழி மறிக்கவில்லை.

துப்பாக்கி உரிமம் கொடுப்பது கலெக்டர். செங்கல்பட்டு கலெக்டர் மேசையிலிருந்து போன மூன்று காகிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு.

முதலாவது 1798. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் கூடுகட்டிய பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, யாரும் அங்கே பறவை சுடக்கூடாது என்று தடுக்கும் உரிமையைக் கவுலாக எழுதி வாங்கினார்கள். அது தொலைந்துபோய், 1858இல் மறுபடி எழுதி வாங்கினார்கள். கடப்பமரம் முழுக்க நாரையும் வக்காவும் கூழைக்கடாவும் உட்கார்ந்திருக்கும் அந்த ஏரித் தண்ணீர், எச்சம் கலந்து உரமாகவே கழனிக்குப் பாயும். அதனால் அந்தக் கவுலில் பக்தியோடு கணக்கும் இருந்தது. தப்பில்லை. துப்பாக்கிக்காரனைக் கும்பினி ஆட்சியிலேயே ஏரிக்கரையில் நிறுத்திய ஊர் அது, அதற்காக நான் அதை மதிக்கிறேன். "பறவைக்குத் தெரியும்டா எந்த ஏரியில வெடிக்கும், எதுல வெடிக்காதுன்னு" என்பார் நைனா. ஆனால் 'ஊர்க்காரர்கள்' என்று எழுதும்போது சேரியையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் 1798இல் இல்லை. கழனியும் தண்ணீரும் மிராசுதாரர்களுடையது, கவுலும் அவர்களுடையதே.

இரண்டாவது 1891. கலெக்டர் டிரமென்ஹீர், செங்கல்பட்டு பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்து, பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் தேடிக்கொண்டிருக்கிற நிலம் ஒதுக்கப்பட்டது. பறவைக்கு 1798, பறையனுக்கு 1892. தொண்ணூற்று நாலு வருசம் பிந்தி. அந்த நிலமும் கைமாறிப்போனது நமக்குத் தெரியும்.

மூன்றாவது காகிதத்துக்கு முன்னால் வேறு இரண்டு சங்கதி சொல்ல வேண்டும்.

ஆண்டை வீட்டு வேட்டையை நிறுத்தியது மனசாட்சி இல்லை, 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அது முதலில் கட்டுப்படுத்தியது, 1991 திருத்தம் வேட்டை உரிமம் என்பதையே ஒழித்தது. அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அது விழுந்த விதத்தைப் பாருங்கள். ஆண்டைக்குப் பொழுதுபோக்கு போனது, அவ்வளவுதான். துப்பாக்கி பாதுகாப்புக் காரணத்தில் வீட்டிலேயே இருந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி நரிக்குறவர்களுக்கு வயிறு போனது. முன்வாயில் மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும் கொண்டு காடை, கௌதாரி பிடித்துப் பிழைத்தவர்கள், ஊசி பாசி மணி விற்கக் கடற்கரைக் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். 2021இல் மாமல்லபுரம் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து அவர்களில் ஒரு பெண்ணை எழுப்பி அனுப்பினார்கள். அவர் பேசியது ஊரெல்லாம் பரவி, அமைச்சர் அவரோடு பந்தியில் உட்கார்ந்தார், முதல்வர் பூஞ்சேரிக்கே வந்து பட்டா கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. இருளர்களோ துப்பாக்கியே பிடிக்காத வேட்டைக்காரர்கள், ஒரு கடப்பாரை போதும் அவர்களுக்கு. பாம்புத் தோல் வியாபாரம் 1976இல் நின்றபோது அவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1978இல் வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வந்ததால் சில குடும்பம் தப்பித்தது. சட்டத்துக்கு முன் எல்லாரும் வேட்டைக்காரர்தான். வேட்டை நின்ற மறுநாள் அடுப்பு எரிந்ததா என்பதில்தான் சாதி.

இரண்டாவது சங்கதி கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட தகராறில் மிராசுதார் ஆட்கள் அரிவாளோடும் துப்பாக்கியோடும் வந்தார்கள். வெடிக்குப் பயந்து குடிசைக்குள் ஒளிந்தவர்களில் 44 பேர் எரிந்துபோனார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள கனவான்கள் நடந்து போய்க் குடிசை கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். வெண்மணிச் செய்தி எங்கள் சேரிக்கு வந்த இரவில் நைனா தோளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்வாங்க. மார்கழியில் உள்ளான் சுடுகிற துப்பாக்கி, தேவைப்பட்டால் வேறு எதையும் சுடும் என்பது அவருக்குப் புதுசில்லை.

இப்போது மூன்றாவது காகிதம். இது எல்லா கலெக்டர் மேசைக்கும் வந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதினார்கள். 3ஆம் விதியைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவையென்றால் தலித் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, துப்பாக்கியை அரசுக் கிடங்கில் வைக்கலாம். தேவையென்றால் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம். சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, நான் கற்பனை செய்யவில்லை. அது வருவதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் கூடிய நம் மக்கள் மீது போலீஸ் சுட்டு, ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். 1892இல் காகிதத்தில் கொடுத்த நிலத்தை 1994இல் கேட்டதற்கு.

1997இல் பக்கத்து ஊரில் ஒரு தகராறு முற்றியபோது, நாங்கள் இந்த விதியைச் சுட்டி மனு எழுதினோம். இன்னின்ன வீட்டில் உரிமத் துப்பாக்கி இருக்கிறது, வாங்கி வையுங்கள், எங்களில் இரண்டு பேருக்கு உரிமம் கொடுங்கள் என்று. மனுவை வாங்கிய குமாஸ்தா படித்துவிட்டுச் சிரித்தார். "துப்பாக்கி வாங்கி இன்னா சுடப்போறீங்க, கொக்கா?" வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அப்போது படுக்கையில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நமக்கு எதுக்குடா அது. ஒரு பக்கமா வெடிச்சிகினு இருந்தது போதும்னு எழுது. அவங்க கிட்ட இருக்கறத வாங்கி வெக்கச் சொல்லு." நானும் என் கூட்டாளிகளும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வாதாடினோம். இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தீரவில்லை அந்த வாதம். நைனா 2001இல் போய்ச் சேர்ந்தார், ரெண்டு ரவையோடு.

விடுதியில் அந்தப் பையனிடம், இதற்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்டு வந்து, "மாட்டி வெக்கறதுக்கு வேணாமாம் சார்" என்றான். சரிதான். பழம்பொருள் வகைத் துப்பாக்கியை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம், எடுத்துப் போகவும் சுடவும்தான் வேண்டும் என்று 2020இல் ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது.

எங்கள் மனுவுக்குப் பதில் வரவில்லை, ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதை எக்ஸ்ரே உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.